மாற்றுத்திறனாளி உதவித்தொகை: டாக்டர் மேசையிலிருந்து வங்கிக் கணக்கு வரை

உதவித்தொகை மனு தள்ளுபடி ஆனவர்களின் காகிதங்களை வாங்கிப் பார்த்தால், மனுவில் பெரிய குறை எதுவும் இருக்காது. மருத்துவச் சான்றிதழில் போட்டிருக்கும் சதவீதம் அந்தத் திட்டத்துக்குப் போதாமல் இருக்கும். இல்லையென்றால் பாதிப்பின் வகை தவறாக எழுதப்பட்டிருக்கும். அதன்பிறகு தாசில்தார் ஆபீஸில் எத்தனை முறை போய் நின்றாலும் அந்த எண்ணை அங்கே யாராலும் மாற்ற முடியாது. அது டாக்டர் மேசையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். அதனால் இந்த வழிகாட்டியில் மனு எழுதுவதைவிட மருத்துவ மதிப்பீட்டுக்குத் தயாராவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. சான்றிதழ் தருவது மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி. அந்தச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை அங்கீகரிக்கிறது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது. பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அமில வீச்சுப் பாதிப்பு எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. "இதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாதுப்பா" என்று யாராவது சொன்னால், அவர் பழைய பட்டியலை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: எந்த ஆபீஸ், எந்தத் தொகை?

மாதாந்திரப் பணம் இரண்டு துறைகள் வழியாக வருகிறது. இதைக் குழப்பிக்கொண்டு தவறான ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். இது எல்லா வகைப் பாதிப்புக்கும் இல்லை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் பாதிப்பு போன்றவற்றில் 'கடும் பாதிப்பு' என்ற தலைப்பில் வரவேண்டும் என்றால் 75 சதவீதம் வேண்டும். முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் போன்ற நாள்பட்ட நரம்புப் பாதிப்புகளுக்கும் இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. மனு போகவேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

இன்னொன்று, வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருக்கிற, 18 வயது நிறைந்த, வசதி இல்லாதவர்களுக்கானது. இதற்குள்ளேயே குறைந்தது 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் இருந்தால், மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத் தலைப்பில் சேர்ப்பார்கள். மனு இ-சேவை மையம் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்குப் போகும்.

இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. எனவே முதல் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றால் இரண்டாவதற்குப் போவதுதான் முறை. ஏற்கெனவே 1,500 வாங்குபவர் 2,000 திட்டத்துக்கு மாற விரும்பினால், புதிய ஆணை கைக்கு வருவதற்கு முன் பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எதை எப்போது நிறுத்துவது என்று நல அலுவலகத்திலேயே கேட்டு, அவர்கள் சொல்கிற வரிசையில் செய்யுங்கள்.

பெயரும் இனிஷியலும்

மருத்துவமனைப் பக்கம் போவதற்கு முன் ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மேசைமேல் வரிசையாக வையுங்கள். ஆதாரில் 'செல்வி மு', ரேஷன் கார்டில் 'மு.தமிழ்ச்செல்வி', பாஸ்புக்கில் 'செல்வி முருகன்' என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கல்யாணமான பெண்களுக்கு அப்பா பெயர் ஒரு கார்டிலும் கணவர் பெயர் இன்னொன்றிலும் இருப்பது இதைவிடச் சகஜம்.

ஆதாரை மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துவதுதான் எளிது, ஏனென்றால் சான்றிதழ் விண்ணப்பமே இப்போது ஆதாரில்தான் தொடங்குகிறது. ஆதாரிலேயே பிறந்த ஆண்டு தவறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 18 வயது நிறைந்ததா இல்லையா என்பதை அந்த ஒரு தேதிதான் தீர்மானிக்கும். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், விரல் மடங்கியவர்களுக்கும் கைரேகை விழாது. ஆதார் மையத்தில் அதைச் சொல்லிக் கருவிழிப் பதிவு எடுக்கக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் ஏற்பாடு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

மருத்துவக் கோப்பு: எதை எடுத்துப்போவது?

சதவீதம் என்பது டாக்டர் ஆளைப் பார்த்து மனதில் தோன்றியதைப் போடுவது அல்ல. ஒவ்வொரு பாதிப்புக்கும் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிமுறை இருக்கிறது. 2018இல் வந்தது, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. எந்தப் பாதிப்பை எந்த அளவுகோலில் அளக்கிறார்கள் என்று தெரிந்தால், எந்தக் காகிதம் உதவும், எது வெறும் சுமை என்று புரிந்துவிடும்.

கண்: கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. அதிலும் இரண்டில் நன்றாகத் தெரிகிற கண்ணுக்கே அதிக மதிப்பு. ஒரு கண் முழுக்கப் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். இது தெரியாமல் "ஒரு கண்ணே இல்லை, இதுக்கே 40 கூடப் போடலையே" என்று டாக்டரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. டாக்டர் போட்டது சரிதான். பார்வைப் பரப்பு சுருங்கியிருந்தால், அதாவது நேரே தெரிந்து பக்கவாட்டில் தெரியாமல் போயிருந்தால், அதைச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

காது: காது கேட்கும் கருவி இல்லாமல் எடுத்த ஆடியோகிராம், அதாவது செவித்திறன் பரிசோதனை அறிக்கை வேண்டும். குழந்தைகளுக்கு பெரா பரிசோதனை, அதாவது ஒலிக்கு நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளப்பது. நன்றாகக் கேட்கும் காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, மற்றதைக் கூட்டி, ஆறால் வகுப்பதுதான் சூத்திரம். ஒரு காது முற்றிலும் கேட்காமல் மற்றது நன்றாக இருந்தால் 17 சதவீதம்கூட முழுதாக வராது.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று விதி சொல்கிறது. நேராகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, அதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். மேலே சொன்ன ஒரு கண், ஒரு காது இரண்டும் ஒரே ஆளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30ஐ 90இலிருந்து கழித்தால் 60. அதை 17ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 11 சொச்சம். மொத்தம் 41. தனித்தனியாகப் போனால் எதுவும் கிடைக்காதவர், இரண்டையும் சொன்னால் 40ஐத் தாண்டிவிடுகிறார். வந்தது காலுக்காக என்றாலும் காது, கண், மனநலம் எதில் குறை இருந்தாலும் விண்ணப்பத்திலேயே எல்லாவற்றையும் குறியுங்கள். எலும்பு டாக்டர் காதைப் பற்றிக் கேட்கமாட்டார்.

கை கால்: எக்ஸ்ரே, ஆபரேஷன் விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி சீட்டுகள். சிகிச்சை முடிந்து, இனி இதற்குமேல் தேறாது என்ற நிலையில்தான் நிரந்தரச் சான்றிதழ். பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு என்றால் வந்து 6 மாதம் ஆகவேண்டும். அதற்கு முன் போனால் திருப்பி அனுப்புவார்கள். எனவே முதல் நாள் அட்மிஷன் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், தேதிக்கு அதுதான் ஆதாரம்.

அறிவுசார் குறைபாடு: ஐ.க்யூ. மட்டும் பார்ப்பதில்லை. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை அளக்கும் வைன்லாண்டு அளவுகோலும் உண்டு. லேசான நிலைக்கு 50, நடுத்தரத்துக்கு 75, கடுமையானதற்கு 90, மிகக் கடுமையானதற்கு 100 என்று படி வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலில் பெரும்பாலான பதில் வருவது பெற்றோர் வாயிலிருந்து. ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல். அதிலும் பாதி விஷயம் வீட்டார் சொன்னால்தான் தெரியும்.

மனநோய்: இதற்கான அளவுகோல் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எவ்வளவு காலம் இருந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20இல் 7 வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடும். மாத்திரைச் சீட்டு கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ப் பயனில்லை. சிகிச்சை தொடங்கிய முதல் சீட்டு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகள், வேலையிலிருந்து நின்ற விவரம் இவைதான் இங்கே பேசும். இன்னொன்று: 'வேலை' என்பதில் வீட்டு வேலையும் படிப்பும் அடங்கும். "வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருக்கா" என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தக் கேள்வியே வீணாகிவிடும். அடுப்பை அணைக்க மறக்கிறாளா, ஒரு குழம்பு வைத்து முடிக்க முடிகிறதா, துணி துவைக்க ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போகிறாளா, அதையெல்லாம் சொல்லவேண்டும்.

எல்லாக் காகிதத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்கள், பழையது அடியில், புதியது மேலே. ஒரு ஜெராக்ஸ் செட், ஒரு ஒரிஜினல் செட். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

யூடிஐடி விண்ணப்பம்

சான்றிதழும், யூடிஐடி என்கிற 18 இலக்கத் தனி அடையாள எண்ணும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் தளத்தில்தான் பதிவாகின்றன. செல்போனிலேயே செய்யலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்யலாம். போட்டோ, ஆதார், கையெழுத்து அல்லது கைரேகைப் படம் ஏற்ற வேண்டும். பதிவு முடிந்ததும் வருகிற பதிவு எண்ணைக் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போன் தொலைந்தால் எல்லாம் போச்சு என்று ஆகிவிடக் கூடாது.

மருத்துவமனையைத் தேர்வு செய்யும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியைத்தான் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. நரம்பியல் சிகிச்சையை மதுரையில் வாங்குபவர், அந்தச் சிறப்பு மருத்துவரே இல்லாத சொந்த ஊர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பதாரரால் முடியாதபோது பெற்றோர், பாதுகாவலர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் யாரும் அவருக்காக விண்ணப்பிக்கலாம்.

2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி 3 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. விண்ணப்பித்துவிட்டு நீங்கள் மதிப்பீட்டுக்குப் போகாமல் 2 வருடம் கிடப்பில் விட்டால் அந்த விண்ணப்பம் காலாவதி. புதிதாகத்தான் போடவேண்டும்.

நேரில்தான் செய்யவேண்டும் என்றால், அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மருத்துவர்கள் ஒன்றாக உட்காரும் முகாம் நடக்கும். எந்த நாள், எந்தத் துறை டாக்டர் வருவார் என்று நல அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மனநல மருத்துவர் வராத நாளில் மகனை ஆட்டோ வைத்து அழைத்துப்போய்த் திரும்புவது யாருக்கும் வேண்டாத செலவு. 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் பகுதியில் இருந்தால் அங்கேயும் வழி சொல்வார்கள்.

மதிப்பீட்டு நாள்

முகாமில் கூட்டம் இருக்கும். ஒருவருக்குச் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் நடப்பதைப் பாருங்கள்.

"தானா சாப்பிடுவானாம்மா?"

"சாப்பிடுவான் சார்."

"பாத்ரூம்?"

"போவான் சார்."

"சட்டை போட்டுக்குவானா?"

"போட்டுக்குவான் சார், நல்ல பையன்."

மூன்று கேள்வி, மூன்று 'ஆமாம்'. பையனுக்கு வயது 19. அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தால்தான் அவன் சாப்பிடுவான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் "போய்ட்டு வா" என்று சொன்னால்தான் பாத்ரூம் போவான், கழுவிவிடுவது அம்மா. சட்டையில் கை நுழைப்பான், பட்டன் போடத் தெரியாது. வருடக்கணக்காகச் செய்து செய்து இதெல்லாம் அந்த அம்மாவுக்கு உதவியாகவே தோன்றுவதில்லை. அதோடு நாலு பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. டாக்டர் எழுதுவது தான் கேட்டதை மட்டும்.

அதனால் 'செய்வான்', 'செய்யமாட்டான்' என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். யார் உதவி, எவ்வளவு உதவி, உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய் வராது என்று பயம் இருந்தால் முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி இருந்தால் போதும்:

"என் மகன், வயது 19. பிசைந்து வைத்தால் சாப்பிடுவான், தானாகப் போட்டுக்கொள்ள மாட்டான். சூடு தெரியாது, ஒருமுறை கொதிக்கும் பாலில் கைவிட்டிருக்கிறான். மலம் கழித்தபின் நான்தான் சுத்தம் செய்கிறேன். காசு அடையாளம் தெரியாது. தெருவில் தனியாக விட்டால் வீடு திரும்பத் தெரியாது, இரண்டு தடவை தேடிப் பிடித்தோம். மாதத்தில் நாலைந்து தடவை வலிப்பு வரும், வந்தால் அன்று முழுக்கப் படுத்துவிடுவான். இரவில் கூட யாராவது படுக்க வேண்டும்."

இதில் 'மிகவும் கஷ்டப்படுகிறோம்', 'தயவுகூர்ந்து கருணை காட்டுங்கள்' போன்ற வரிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்கு அளவுகோலில் மதிப்பெண் கிடையாது. பாலில் கைவிட்டதற்கு உண்டு. இந்தப் பக்கத்தை டாக்டரிடம் கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் பார்த்துப் படித்தாவது பதில் சொல்லலாம்.

நல்ல நாள், கெட்ட நாள் மாறி மாறி வரும் பாதிப்புகளில், முகாமுக்குப் போன அன்று நல்ல நாளாக அமைந்துவிடும். ஆள் தெளிவாகப் பேசுவார், டாக்டரைப் பார்த்துச் சிரிப்பார். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், மனநோய் இரண்டிலும் இது அடிக்கடி நடக்கும். மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்க முடியவில்லை என்று இரண்டு மூன்று மாதம் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு போனால் அன்றைய ஒரு நாளை வைத்து முடிவு செய்யமாட்டார்கள்.

கூட்டியும் சொல்லாதீர்கள். நடக்கிறவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவதெல்லாம் அனுபவமுள்ள டாக்டருக்குத் தசையைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார். பொய் சொல்லிச் சலுகை பெற்றால் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறது. "பர்சன்டேஜ் ஏத்தித் தரேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களிடம் போகவே வேண்டாம். மாட்டினால் அவர்கள் இருக்கமாட்டார்கள், நீங்கள்தான் இருப்பீர்கள்.

சான்றிதழ் வந்தவுடன்

வாங்கிப் பையில் போடாமல் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் எழுத்து, பிறந்த தேதி, பாதிப்பின் வகை, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை. 'அறிவுசார் குறைபாடு' என்று வரவேண்டிய இடத்தில் 'மனநோய்' என்று விழுந்திருந்தால் 2,000 ரூபாய்த் திட்டத்தில் சிக்கல் வரும். இரண்டையும் ஒன்றாக நினைக்கிற டேட்டா என்ட்ரி ஆட்கள் உண்டு. யூடிஐடி அட்டையிலேயே நிறக் கோடு இருக்கும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். இதில் எழுத்துப் பிழையைத் திருத்துவது எளிது, சதவீதத்தை மாற்றுவது மேல்முறையீடு.

உதவித்தொகை மனு

இனி வேலை சுலபம். மனுவோடு அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ இணைக்க வேண்டும். வேறு எந்த உதவித்தொகையும் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெற்றோரோடு கூட்டுக் கணக்காகத் தொடங்கிவிடுவது நல்லது. கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள், பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்கு பயன்படுத்தாமல் முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிப் போய்விடும்.

வருவாய்த்துறை மனு என்றால் வி.ஏ.ஓ., அவருக்குப் பின் வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார்கள். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், நிலம் இருக்கிறதா, பிள்ளைகள் காசு அனுப்புகிறார்களா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் வெளியூரில் தனிக்குடித்தனம் இருக்கும் அண்ணன் பெயர் இன்னும் உங்கள் ரேஷன் கார்டிலேயே இருந்தால், அவர் சம்பளமும் உங்கள் குடும்ப வருமானமாகத் தெரியும். மனுவுக்கு முன்பே அதை நீக்கிவிட வேண்டும்.

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எங்கும் மனு கொடுக்காதீர்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றால், ஜெராக்ஸில் சீலும் தேதியும் போட்டுக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். பராமரிப்பு உதவித்தொகையில் தகுதி இருந்தும் காத்திருப்புப் பட்டியலில் நிற்க நேரும், அப்போது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டுவது அந்தச் சீலில் உள்ள தேதிதான்.

தள்ளுபடி ஆனால்

வாய்மொழியாக "உங்களுக்கு வராது" என்று சொன்னால் அது தள்ளுபடி அல்ல. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் காரணம் எழுதிய படிவம் தரவேண்டும் என்றுதான் விதி.

சதவீதம் குறைவு என்று தோன்றினால், சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீட்டு வழி இருக்கிறது, 90 நாளுக்குள் போகவேண்டும். அதில் 'குறைவாகப் போட்டுவிட்டார்கள்' என்று மட்டும் எழுதாமல், எந்தப் பரிசோதனை எடுக்கப்படவில்லை, எந்தப் பாதிப்பு சேர்க்கப்படவில்லை என்று குறிப்பாக எழுதுங்கள். மேலே சொன்ன கண்-காது கணக்கைப் போட்டே காட்டலாம். ஆனால் ஒரு கண் மட்டும் போனதற்கு 30 வந்திருந்தால் மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அங்கேயும் அதே 30தான்.

மனு கிடப்பில் கிடந்தால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், 'முதல்வரின் முகவரி' என்ற அரசுத் துறையின் புகார் எண் 1100, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு மூன்றும் உண்டு. என்னைக் கேட்டால் கடைசியைத்தான் முதலில் சொல்வேன். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தரவேண்டும். "இந்தத் தேதியில் இந்த எண்ணில் கொடுத்த என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது" என்று இரண்டே கேள்வி. பதில் எழுதுவதற்காகவாவது கோப்பைத் தேடி எடுத்துத் திறந்தாக வேண்டும். இதற்கும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், விசாரணைக்கு ஆள்களையும் ஆவணங்களையும் வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் இருக்கிறது.

பணம் வர ஆரம்பித்த பிறகு

வருடம் ஒருமுறை வாழ்நாள் சான்று கேட்பார்கள், கொடுக்காவிட்டால் நின்றுவிடும். தற்காலிகச் சான்றிதழ் என்றால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் பதிவு செய்யுங்கள். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும், 18இல் எடுப்பது வாழ்நாள் முழுக்கச் செல்லும். அந்த 18 வயதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சட்டப்படி அவர் மேஜர், நீங்கள் அம்மா அப்பா என்பதால் மட்டும் வங்கியில் அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வ பாதுகாவலர் நியமனம் பெறவேண்டும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் அதைத் தருகிறது. அந்த மனுவை நல அலுவலகத்தில் கொடுக்கும்போதே நிராமயா மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதே நான்கு பாதிப்புகளுக்கானது, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும், தெரப்பிக்குச் செலவழித்த பில்லும் அதில் அடக்கம்.